எங்கள் கிணற்றில் ஒரு நீர்ச் சக்கரம்



"நீர்ச் சக்கரத்தைப் படம் வரைந்து விளக்குக" என்ற வினாவுக்கு, 2004ஆம் ஆண்டு மூன்றாம் தவணைப் பரீட்சையில் நான் முழுப் புள்ளி பெற்றேன். அப்போது நான் தரம் 10 மாணவன். கடலை நீலத்தால் தீட்டினேன். சூரியன், முகில், மலை, ஆறு எல்லாவற்றையும் வரைந்து, ஆவியாதல், ஒடுங்கல், படிவுவீழ்ச்சி, வழிந்தோடல் என்று அம்புக்குறிகளுக்குப் பெயரும் எழுதினேன். விடைத்தாளை வீட்டுக்குக் கொண்டுபோய் எல்லோருக்கும் காட்டினேன். ஆனால் ஒரு மாதம் போவதற்குள், அந்தப் படம் எனக்கு எதையுமே கற்றுத் தரவில்லை என்பது தெரிந்துவிட்டது. அது எப்படித் தெரிந்தது என்பதையே இங்கு எழுதுகிறேன்.

எங்கள் வீடு கல்முனைக் கரையோரத்தில் இருந்தது. கிழக்கே சில நூறு மீற்றர் தூரத்தில் கடல். மேற்கே கரைவாகு வயல்வெளி. இரண்டுக்கும் நடுவே ஒடுங்கிய மணல் நிலம். அந்த மணலில் இரண்டு ஆள் ஆழம் தோண்டினாலே தண்ணீர் கிடைக்கும். எங்கள் கிணறு உறை இறக்கிய சிறிய கிணறு. அதன் தண்ணீரைக் குடித்தோம், அதிலே சமைத்தோம், ஒழூச் செய்தோம். கடல் இவ்வளவு அருகில் இருக்க, இந்தத் தண்ணீர் மட்டும் ஏன் உப்பாக இல்லை என்று ஒருநாளும் நான் யோசித்ததில்லை.

2004 டிசம்பர் 26ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை, போயா தினம். காலை ஒன்பது மணிக்கு முன்பே கடல் ஊருக்குள் வந்துவிட்டது. இலங்கையில் ஆழிப்பேரலையால் மிக அதிகமான உயிர்களை இழந்தது எங்கள் அம்பாறை மாவட்டம்தான். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். எங்கள் குடும்பத்தில் என் சாச்சி போய்விட்டார். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத என்னால் முடியாது. சில வாரங்களின் பின் நாங்கள் வீட்டு வளவுக்குத் திரும்பியபோது மதிலும் இல்லை, குசினியும் இல்லை. கிணற்றுக் கட்டு மட்டும் நின்றது. அதற்குள் சேறும் ஓலையும் கடல் நீரும் நிறைந்திருந்தன.

நிவாரணப் பணிக்கு வந்த சிலர் நீரிறைக்கும் இயந்திரம் கொண்டுவந்து கிணற்றை இறைத்து, சேற்றை அள்ளி, குளோரின் தூள் போட்டார்கள். அந்த முதற் சுத்திகரிப்பு தேவையான ஒன்றுதான். ஆனால் அடுத்த நாள் ஊறிய தண்ணீரை நாவில் வைத்தபோது உப்புக் கரித்தது. "இன்னொரு தரம் இறைச்சா சரியாகிடும்" என்று வாப்பாவிடம் சொன்னவன் நான்தான். பக்கத்து வளவில் ஓர் இயந்திரம் இருந்தது. அதை வாங்கிவந்து இறைத்தேன். அடுத்த கிழமையும் இறைத்தேன். மாசி, பங்குனி என்று மாதங்கள் போயின. பாடசாலை விட்டு வந்ததும் எனக்கு அதுதான் வேலை. இறைத்த நீரை வளவிலேயே கொட்டினேன். தண்ணீர் இனிப்பாகவில்லை, நாளுக்கு நாள் உப்புக் கூடியது போலவே இருந்தது. பவுசரில் வரும் தண்ணீருக்காக உம்மா வாளிகளோடு வரிசையில் நின்றார்.

மூத்தம்மா திண்ணையில் இருந்து பார்த்துக்கொண்டே இருப்பார். ஒருநாள் கேட்டார்: "புண்ணைக் கிண்டிக் கிண்டிப் பாத்தா ஆறுமா மனே? அந்தக் கிணத்தக் கொஞ்சம் சும்மா விடு."

எனக்குக் கோபம் வந்தது. நீர்ச் சக்கரத்துக்கு முழுப் புள்ளி எடுத்தவன் நான்; பள்ளிக்கூடமே போகாத மூத்தம்மாவுக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன்.

மாணவர்களே, நான் பரீட்சையில் எழுதிய விடையை முதலில் பார்ப்போம். அதில் பிழை இல்லை, குறைதான் இருந்தது.

புவியிலுள்ள நீரில் ஏறத்தாழ 97 வீதம் கடல் நீர். நன்னீர் ஏறத்தாழ 2.5 வீதம் மட்டுமே. அதிலும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பனிக்கட்டியாக உறைந்திருக்கிறது. சூரிய வெப்பத்தால் கடல் நீர் ஆவியாகும்போது நீர் மட்டுமே மேலே போகிறது, உப்பு கீழே தங்கிவிடுகிறது. புத்தளத்திலும் அம்பாந்தோட்டையிலும் உப்பளங்களில் நடப்பது இதுவே. ஒரு லீற்றர் கடல் நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. அதில் ஒரு கிராம்கூட முகிலுக்குப் போவதில்லை. ஆகவே கடலின் உப்பை நீக்கித் தரும் மிகப் பெரிய தொழிற்சாலை சூரியனே எனலாம். தாவரங்களும் தம் இலைகளின் வழியே ஆவியுயிர்ப்பினால் நீராவியை வெளிவிடுகின்றன. பெரும்போகத்தில் கரைவாகு வயல்கள் பச்சையாக நிற்கும்போது, அவற்றின் மேலும் கண்ணுக்குத் தெரியாத நீராவி எழுந்துகொண்டே இருக்கிறது.

மேலெழும் வளி விரிந்து குளிர்கிறது. குளிர்ந்த வளியால் அதிக நீராவியைத் தாங்க முடியாது. ஆகவே நீராவி நுண்ணிய தூசித் துணிக்கைகளின் மேல் ஒடுங்கி முகிலாகிறது. துளிகள் சேர்ந்து பெருத்து மழையாக விழுகின்றன. ஒரு நீர் மூலக்கூறு வளிமண்டலத்தில் தங்கும் காலம் சராசரியாக ஒன்பது, பத்து நாட்கள்தான்.

இதை நம் ஊரில் பொருத்திப் பாருங்கள். வைகாசி முதல் புரட்டாதி வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசுகிறது. அது மலைநாட்டின் மேற்குச் சரிவில் ஏறி, குளிர்ந்து, அங்கே மழையைக் கொட்டுகிறது. பிறகு கிழக்குச் சரிவில் இறங்கி நம்மிடம் வரும்போது வெப்பமும் வறட்சியுமாக வருகிறது. அதையே நம் ஊரவர்கள் கச்சான் என்கிறார்கள். மேற்கே மழை பெய்யும் அதே காற்று இங்கே உதட்டை வெடிக்க வைக்கிறது. ஐப்பசியில் நிலை மாறுகிறது. முதலில் இடைப்பருவ மழை, பின்னர் வங்காள விரிகுடாவின் மேலாக ஈரத்தைச் சுமந்து வரும் வடகீழ்ப் பருவக்காற்று. அதுதான் நம் மாரி. வருடத்தின் பெரும் பகுதி மழை ஐப்பசி முதல் தை வரையான நாலு மாதத்துக்குள் பெய்துவிடுகிறது.

விழுந்த மழை பல வழிகளில் பிரிகிறது. ஒரு பகுதி மறுபடி ஆவியாகிறது. ஒரு பகுதி மேற்பரப்பில் வழிந்தோடி ஆறுகளையும் குளங்களையும் சேர்கிறது. பதுளைப் பக்க மலைகளில் தொடங்கும் கல்லோயா இப்படித்தான் கிழக்கே ஓடிவருகிறது. 1949இல் தொடங்கப்பட்ட கல்லோயாத் திட்டத்தின் கீழ் இங்கினியாகலையில் அணை கட்டப்பட்டு, சேனாநாயக்க சமுத்திரம் உருவானது. கச்சான் வீசும் மாதங்களிலும் நம் பிரதேசத்தில் சிறுபோகம் செய்ய முடிவது, அங்கே தேங்கிய மாரி மழையினால்தான்.

மிகுதி மண்ணுக்குள் ஊடுவடிகிறது. இந்தக் கடைசி வழியை என் படத்தில் நான் ஒரு சிறிய கோடாக மட்டும் கீறியிருந்தேன். எங்கள் கிணற்றின் முழுக் கதையும் அந்தக் கோட்டுக்குள்தான் இருந்தது.

அந்த வருடம் சித்திரை விடுமுறைக்குப் பிறகு, எங்கள் விஞ்ஞான ஆசிரியரிடம் விடயத்தைச் சொன்னேன். அவர் ஒன்றும் விளக்கவில்லை. ஆய்வுகூடத்துக்கு அழைத்துப்போய் ஒரு கண்ணாடிக் குவளையில் பாதியளவு உப்புக் கரைசல் எடுத்தார். அதில் பொற்றாசியம் பரமங்கனேற்றுத் துகள் ஒன்றைப் போட்டு ஊதா நிறமாக்கினார். பிறகு ஒரு கரண்டியின் முதுகில் மெதுவாக நல்ல தண்ணீரை ஊற்றினார். அது கலக்காமல் ஊதா நீரின் மேலே ஒரு படையாக நின்றது.

"ஏன் மேலே நிக்குது?" என்று கேட்டார்.

"அடர்த்தி குறைவு, சேர்."

"இதுதான் உன்ட வளவு. கீழே கடல் நீர், மேலே மழை நீர். இப்ப இந்தக் குழாயை மேற்படையில வச்சு இழு."

குளிர்பானம் குடிக்கும் குழாயொன்றைத் தந்தார். நான் அதில் விரைவாக உறிஞ்சினேன். மேற்படை மெலிந்தது. குழாயின் வாயை நோக்கி ஊதா நிறம் ஒரு கூம்பு போல மேலெழுந்து வந்தது. வாயில் உப்புப் பட்டது. துப்பிவிட்டு நிமிர்ந்தேன். அவர் ஒன்றும் சொல்லாமல் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். மூன்று மாதமாக நான் வீட்டில் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பது எனக்கு விளங்கியது. (இந்தப் பரிசோதனையை நீங்கள் செய்வதானால் வாயால் உறிஞ்ச வேண்டாம்; ஊசியில்லாத மருந்துச் சிரிஞ்சினால் இழுத்துப் பாருங்கள்.)

கடலோர மணலுக்கு அடியில் நிலக்கீழ் நன்னீர் ஒரு வில்லை போல மிதக்கிறது. அதன் கீழேயும் கடற்பக்கத்திலும் உவர் நீர் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நெதர்லாந்தைச் சேர்ந்த பதோன் கைபனும், 1901இல் ஜேர்மனியைச் சேர்ந்த ஹேர்ஸ்பேர்க்கும் தனித்தனியே இதைக் கணக்கிட்டுச் சொன்னார்கள். நன்னீரின் அடர்த்தி 1.000, கடல் நீரின் அடர்த்தி 1.025 எனக் கொண்டால், கடல் மட்டத்துக்கு மேலே 1 மீற்றர் உயரத்துக்கு நன்னீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே 40 மீற்றர் ஆழம்வரை நன்னீர் இருக்கும். இதை மறுபக்கமாகவும் வாசிக்க வேண்டும். மேலே நீர் மட்டத்தை 10 சென்ரிமீற்றர் குறைத்து அப்படியே வைத்திருந்தால், கீழே உப்பு நீர் 4 மீற்றர் வரை ஏறி வர முயலும். நடைமுறையில் எல்லையில் சிறிது கலப்பு ஏற்படும் என்றாலும், கணக்கின் போக்கு இதுவே.

ஆழிப்பேரலை எங்கள் நன்னீர் வில்லையின் மேலே உப்பைக் கொட்டிவிட்டுப் போனது. அந்த உப்பு மெல்ல மெல்ல மணலுக்குள் இறங்கியது. நான் திரும்பத் திரும்ப இறைத்ததால், எஞ்சியிருந்த நன்னீரையும் எடுத்துவிட்டேன், கீழிருந்த உவர் நீரையும் மேலே அழைத்துவிட்டேன். இறைத்த உப்பு நீரைக் கிணற்றடியிலேயே கொட்டியதால் அது மறுபடி மணல் வழியே கிணற்றுக்குள் ஊறியது. என்னுடைய நீர்ச் சக்கரம் பத்தடி வட்டத்துக்குள் சுற்றிக்கொண்டிருந்தது! கிழக்குக் கரையில் ஆராய்ச்சி செய்த நிபுணர்களும், கிணறுகளை அளவுக்கு மீறி இறைக்க வேண்டாம், மழை கழுவும் வரை பொறுத்திருங்கள் என்றே அறிவுரை கூறினார்கள்.

மூத்தம்மா சொன்னதும் அதுதானே!

பாடநூல் நமக்கு ஒரு நாளில் சுற்றி முடியும் வட்டம் போல இதைக் காட்டுகிறது. உண்மையில் இதன் ஒவ்வொரு பாதைக்கும் ஒவ்வொரு வேகம் உண்டு. முகிலில் நாட்கள், ஆற்றில் நாட்களும் வாரங்களும், நிலத்தின் கீழ் மாதங்கள் முதல் பல ஆயிரம் வருடங்கள் வரை. கிணற்றை நம்பி வாழும் ஊர், இந்தச் சக்கரத்தின் மிக மெதுவான பாதையில் வாழ்கிறது. அதை இயந்திரத்தால் அவசரப்படுத்த முடியாது.

மனிதர் இதை விளங்கிக்கொள்ளவும் நெடுங்காலம் எடுத்தது. ஆறுகளும் ஊற்றுகளும் ஓடிக்கொண்டே இருக்க மழை மட்டும் போதாது, கடல் நீர்தான் நிலத்தின் கீழால் வந்து ஊற்றாகிறது என்று பலர் நம்பினார்கள். 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கணிதவியலாளர் அல்-கரஜி, மறைந்திருக்கும் நீரை வெளிக்கொணர்வது பற்றி ஒரு நூல் எழுதி, மழையும் பனியும் நிலத்துள் இறங்குவதை விளக்கினார். 1674இல் பிரான்சைச் சேர்ந்த பியர் பெரோ, செயின் ஆற்றின் மேற்பகுதியில் பெய்த மழையை அளந்து, ஆற்றில் ஓடும் நீரைப் போல ஆறு மடங்கு மழை பெய்கிறது என்று காட்டினார். 1687இல் எட்மண்ட் ஹலி, ஒரு பாத்திர நீர் எவ்வளவு ஆவியாகிறது என்று அளந்து கடலுக்குக் கணக்குப் போட்டார். சக்கரத்தின் பாகங்கள் இவ்வாறு ஒவ்வொன்றாக அளக்கப்பட்டன. நானோ ஒரு சதமும் செலவில்லாமல் அதை மனனம் செய்திருந்தேன்.

அன்று முதல் இறைப்பதை நிறுத்தினேன். கழுவுவதற்கு மட்டும் வாளியால் அளவாக அள்ளினோம். ஆடி, ஆவணி முழுவதும் கச்சான் வீசியது. தண்ணீர் சவராகவே இருந்தது. எனக்குப் பொறுமை போய்விடும். மூத்தம்மா ஒன்றும் சொல்லமாட்டார். 2005 ஐப்பசியில் மழை இறங்கியது. தற்காலிகக் கூரைத் தகரத்தில் அது விழுந்த சத்தம் கேட்டு, இரவிலே எழும்பி வெளியே போய்ப் பார்த்தேன். மழை மணலில் விழுந்த இடத்திலேயே மறைந்துகொண்டிருந்தது. ஒரு வருடத்துக்கு முன் பார்த்திருந்தால் வீணாகிறதே என்று நினைத்திருப்பேன்.

ஒரு சிறு கணக்கு. ஒரு சதுர மீற்றர் நிலத்தில் 1 மில்லிமீற்றர் மழை பெய்தால் அது 1 லீற்றர். அப்படியானால் 300 மில்லிமீற்றர் மழை மணலுக்குள் இறங்கினால் சதுர மீற்றருக்கு 300 லீற்றர். மணலில் இடைவெளி ஏறத்தாழ 30 வீதம் எனக் கொண்டால், நிலக்கீழ் நீர் மட்டம் 1 மீற்றர் உயரும். அந்த உயர்ந்த நீர், உப்பைக் கீழே அழுத்தி, மெல்ல மெல்லக் கடல் பக்கம் தள்ளுகிறது. அந்த மாரி முழுவதும் எங்கள் காலடியில் நடந்தது அதுவே.

கிழமைக்கு ஒரு தரம் மூத்தம்மா ஒரு சிரட்டையில் தண்ணீர் அள்ளி வாயில் வைத்துப் பார்ப்பார். "இன்னம் கொஞ்சம் சவர் இருக்கு" என்பார். 2006 மாசியில் ஒரு பின்னேரம், அள்ளிய சிரட்டையை என்னிடம் நீட்டினார். "நீ பாரு மனே" என்றார். குடித்தேன். தண்ணீரின் சுவை மட்டுமே இருந்தது.

உம்மா அந்தத் தண்ணீரில் தேநீர் வைத்தார். கோப்பைகளை எடுத்து வைக்கும்போது பழக்கத்தில் சாச்சிக்கும் ஒன்று வைத்துவிட்டார். யாரும் அதை எடுத்து அப்பால் வைக்கவில்லை.

இன்று நான் ஓர் ஆசிரியன். நீர்ச் சக்கரப் படங்களைத் திருத்தும்போது, எங்கள் பிள்ளைகள் தாம் ஒருநாளும் காணாத பனி மூடிய மலையை அழகாக வரைந்திருப்பதைப் பார்க்கிறேன். தங்கள் வளவுக் கிணற்றை வரைந்தவர்கள் மிகக் குறைவு. குழாய் நீர் வந்த பிறகு கிணற்றை நாம் மறந்தும் வருகிறோம். வளவு முழுவதும் சீமெந்து பூசினால் மழை மணலுக்குள் இறங்காமல் வடிகானுக்கு ஓடிவிடும். கிணற்றுக்கு அருகே மலசலகூடக் குழி தோண்டினால் அதன் கழிவும் இதே மணல் வழியே கிணற்றுக்கு வரும். வயல்நிலத்தையும் சதுப்பையும் நிரப்பினால் மாரி வெள்ளம் தங்கி இறங்க இடமில்லாமல் போகும். இவற்றுக்கு ஆழிப்பேரலை வரத் தேவையில்லை, நாமே போதும்.

ஆகவே, பரீட்சையில் இந்த வினா வந்தால், வழமையான அம்புக்குறிகளோடு நிலத்தின் கீழ்ச் செல்லும் அம்புக்குறியையும் தெளிவாக வரையுங்கள். ஊடுவடிதல், நிலக்கீழ் நீர், கடலை நோக்கிய நீரோட்டம் என்று பெயரிடுங்கள். ஓர் ஓரத்தில் உங்கள் வீட்டுக் கிணற்றையும் வரையுங்கள். அதற்குத் தனியாகப் புள்ளி கிடைக்காமல் போகலாம். ஆனால் ஒருநாள் அந்தக் கிணறு பழுதானால், எதைச் செய்ய வேண்டும், எதைச் செய்யாமல் பொறுக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

பயிற்சி வினாக்கள்

1. கடல் நீர் ஆவியாகி மழையாகும்போது அந்த மழை நீர் உப்பாக இல்லாதது ஏன்?

2. கச்சான் காற்று வறண்டு வீசுவதற்கான காரணத்தை, மலைநாட்டின் அமைவுடன் தொடர்புபடுத்தி விளக்குக.

3. கடலோரக் கிணறொன்றில் அளவுக்கு மீறி நீர் இறைத்தால் ஏற்படும் விளைவை, அடர்த்தி பற்றிய அறிவைப் பயன்படுத்தி விளக்குக.

4. 80 சதுர மீற்றர் கூரையில் 50 மில்லிமீற்றர் மழை பெய்தால் எத்தனை லீற்றர் நீர் விழும்? அதை உங்கள் வளவு மண்ணுக்குள் இறங்கச் செய்ய ஒரு வழி கூறுக.